எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொன்னது யார்?

போன வாரம் டீச்சரை ஆஸ்பத்திரி வராந்தாவில் விட்டுவிட்டு வந்தோம். உள்ளே கட்டிலில் அவள் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்பில் படிக்கிற ஒரு பையன் கிடந்தான். முன்பல் இரண்டும் விழுந்ததிலிருந்து வகுப்பே ‘பொக்கை’ என்று கூப்பிடுகிற பையன். வாய், தொண்டை எல்லாம் வெந்துபோய் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஜூஸ் பாட்டிலில் இருந்த எதையோ குடித்துவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னது ஒன்றுதான் ஆறுதல்.

ஆனால் பொக்கையின் அம்மா டீச்சரைப் பார்த்ததும் ஆவேசமாகிவிட்டாள். “நீங்க ஆசிட் பாடம் நடத்தினீங்க, என் பிள்ளை ஆசிட்டைக் குடிச்சிட்டான்!” என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். டீச்சர் வாயைத் திறக்காமல் வந்துவிட்டாள்.

வாயைத் திறக்காமல் வந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. பேசாமல் போனவள்தானே, தப்பு செய்தவளாகத்தான் இருக்கும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

இன்று காலை அந்தக் கோபம் முழுவதும் ஒரு ஊதா முட்டைக்கோஸின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“மெதுவா நறுக்கு. பலகையும் சேர்ந்து துண்டாகப் போகுது,” என்றாள் அண்ணி.

“நறுக்க வேண்டியவங்க வேற ஆளுங்க, அண்ணி. கைக்கு இதுதான் கிடைச்சுது.”

அண்ணி சிரிக்கவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எல்லார் முன்னாலும் டீச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். கேட்டால் வேலை தங்கும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

டீச்சர் நறுக்கியதைக் கொதிநீரில் போட்டாள். தண்ணீர் மெல்ல ஊதாவாக மாறியது. அவள் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு நடத்திய அந்தப் பயங்கரமான ஆசிட் பாடம் இவ்வளவுதான். இந்த ஊதாத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ரோஜா நிறமாகும். சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். புளிக்கிறதெல்லாம் ஒரு கட்சி, அமிலம். தொட்டால் வழுக்குகிறதெல்லாம் இன்னொரு கட்சி, காரம். காரம் என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து, “மிளகாயா டீச்சர்?” என்று ஒரு குரல் வந்தது. சரி, பெரிய வகுப்பு போகும்வரை ‘வழுக்கல்’ என்றே சொல்லிக்கொள்வோம் என்று டீச்சர் முடிவு செய்தாள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சத்தியம் வாங்கினாள். முப்பது பிள்ளைகளும் நாக்கை நீட்டி, விரலால் அதைத் தொட்டு, “இது ருசி பார்க்க, பாடம் பார்க்க இல்லை” என்று சொல்ல வேண்டும். தெரியாததை வாயில் வைக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடமே. அப்படிச் சொல்லிக் கொடுத்தவளைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை ஆசிட் குடிக்க வைத்தாள் என்றால் வயிறு எரியாதா?

“இன்னுமா அந்தத் தண்ணியைக் கட்டிட்டு அழறே?”

அண்ணன் அடுக்களை வாசலில் வந்து நின்றார். பின்பக்கக் கொட்டகையில் தரை கழுவும் திரவம் தயாரித்து, வெள்ளைக் கேன்களில் அடைத்து, சுற்று வட்டாரக் கடைகளுக்குப் போடுகிறவர். தெருவில் ‘சோப்புக்காரர்’ என்றால்தான் தெரியும். எப்போதும் ஏதாவது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வருகிற மனிதர், நாலைந்து நாளாக வாயை மூடிக்கொண்டு திரிந்தார். தங்கைக்கு வந்த தலைவலி அண்ணனையும் வாட்டுகிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

“சாயங்காலம் இதைத்தான் காட்டப் போறேன், அண்ணா. நான் நடத்தினது இவ்வளவுதான்னு.”

“காட்டி? அவங்க ஏற்கெனவே கொதிச்சுப் போயிருக்காங்க. ஒரு சாரி சொன்னா உன் தலையில இருக்கிற கிரீடமா இறங்கிடும்?”

“செய்யாத தப்புக்கா?”

“செஞ்சியோ, செய்யலையோ. பெருசு பண்ணாதே. சொல்லிட்டு வந்துடு. நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கிளற ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?”

அண்ணன் சொல்லை அவள் தட்டியதில்லை. கல்யாணம் முறிந்து பெட்டியோடு வந்து நின்றவளை ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிட்டவர் அவர். சம்பளத்தில் பங்கு கேட்டதில்லை, சாடையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்கள் எப்படியோ போகட்டும், அண்ணனுமா?

“அத்தை சாரி சொல்லக் கூடாது!” என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் மகள், வாயாடி. பொக்கையின் வகுப்புத்தான். டீச்சர் எந்தப் பாடத்தையும் முதலில் வீட்டு மேசையில் இவளை வைத்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுபோவாள். “அத்தை, அந்த உப்புப் பாடம் எப்ப நடத்துவே? எனக்கு மட்டும் தெரியும். நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை, சத்தியமா.”

“நடத்துவேன்டி. இந்தக் கூத்தெல்லாம் அடங்கட்டும்.”

“பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு!” என்று அண்ணன் மகளை அதட்டினார். இவ்வளவு சத்தமாக அவர் அதட்டி வாயாடி பார்த்ததே இல்லை. பேசாமல் பையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தலைமையாசிரியர் அறை. அவருக்கு ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சர்க்குலர்’. கூரை ஒழுகினாலும் சுற்றறிக்கை, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சுற்றறிக்கை. கூரையும் ஒழுகிக்கொண்டே இருக்கும், குழாயும் வறண்டே கிடக்கும்.

“ரெண்டே வாக்கியம் டீச்சர். ‘என் பாடத்தால் ஏற்பட்ட சம்பவத்துக்கு வருந்துகிறேன். இனி இப்படி நடக்காது.’ சொல்லிட்டு உட்கார்ந்துடுங்க.”

“என் பாடத்தால ஏற்படலையே, சார்.”

“அது வேற விஷயம்.”

“அதுதானே சார் விஷயமே!”

சர்க்குலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல ஆசிட்ங்கிற வார்த்தையே வேண்டாம். சுற்றறிக்கை அனுப்பறேன்.”

“அப்ப எலுமிச்சம்பழத்துக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க, சார். தயிருக்கு ஒண்ணு. பிள்ளைங்க வயித்துல சாப்பாட்டைக் கரைக்கிறதும் ஆசிட்தான். அதுக்கு எந்த விலாசத்துக்கு அனுப்புவீங்க?”

அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

கூட்டம் பிள்ளைகள் சாப்பிடும் கூடத்தில். பெரிய நாற்காலிகள் போதவில்லை என்று பெற்றோர்களெல்லாம் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோலத்தில் யார் உட்கார்ந்தாலும் கோபம் இரண்டு பங்காகத்தான் ஆகும். மூன்றாவது வரிசையில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். முதல் வரிசையில் பொக்கையின் அம்மா. மடியில் ஒரு துணிப்பை. சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள், கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

டீச்சர் முன்னால் போய் நின்றாள். மேசையில் ஊதாத் தண்ணீர் ஜாடியையும் இரண்டு கண்ணாடி டம்ளர்களையும் வைத்தாள்.

“பாருங்க, இப்பவும் எடுத்துட்டு வந்திருக்காங்க!” என்று ஒரு அப்பா எழுந்தார். “சின்னப் பிள்ளைங்களுக்கு ஆசிட் சொல்லித் தரணும்னு யார் கேட்டா? வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க, போதும்!”

“முதல்ல மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க!”

“டீச்சர்…” என்று சர்க்குலர் கண்ணால் ஜாடை காட்டினார்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. நேராகப் பொக்கையின் அம்மாவிடம் போய்க் குனிந்தாள். “அம்மா, அன்னைக்கு நான் பேசாமப் போனது தப்பு. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த பாட்டில் உங்ககிட்ட இருக்கா?”

அவள் துணிப்பையிலிருந்து எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தாள். பழரசம் வந்த பாட்டில். மேலே இருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பாதிக்கு மேல் திரவம். வேறு எழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை, செய்தவர் பெயர் இல்லை. பெரியவர்களே தாகத்தில் எடுத்து வாயில் கவிழ்த்துக்கொள்வார்கள்.

“சிங்க் அடைச்சா ஊத்தறதுக்கு வாங்கினேன். எங்க தெருக் கடையில.” பொக்கையின் அம்மாவின் குரல் உடைந்தது. “கீழதான் வச்சிருந்தேன். பந்து விளையாடிட்டு ஓடி வந்தான். ஜூஸ்னு நினைச்சிட்டான்.”

“பாடம் செஞ்சு பார்க்கக் குடிக்கலையே?”

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள்.

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டீச்சர் டம்ளரில் ஊதாத் தண்ணீரை ஊற்றினாள். பாட்டிலிலிருந்து கரண்டி நுனியில் சில சொட்டு எடுத்து அதில் விட்டாள். ஊதா பச்சையானது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையும் போய் மஞ்சளாகிவிட்டது. வகுப்பில் அவள் கலந்து காட்டிய எந்தச் சோப்புத் தண்ணீரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

“இது ஆசிட்டே இல்லை. ஆசிட்னா சிவப்பாகியிருக்கும். இது அதுக்கு நேர் எதிர்க்கட்சி.”

“ஆசிட் இல்லையா? அப்ப நல்லதுதானே?” என்றார் எழுந்து நின்ற அந்த அப்பா.

“என்னங்க நல்லது!” டீச்சர் வெடித்தாள். “ஆசிட்னாதான் பயப்படணும்னு உங்களுக்கெல்லாம் யார் சொன்னது? கல்லு மாதிரி இறுகின எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சரக்குங்க இது! தொண்டையை விட்டு வைக்குமா? இதைத் தெரிஞ்சுக்கத்தான் பாடம். இதைச் சொல்லிக் குடுத்ததுக்குத்தான் என்னை இங்க நிக்க வச்சிருக்கீங்க!”

அந்த அப்பா மெதுவாகக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கு என்னம்மா தெரியும்?” என்று பொக்கையின் அம்மா அழ ஆரம்பித்தாள். “அலறினான். கையும் ஓடலை, காலும் ஓடலை. கடைக்கு ஓடினேன். கடைக்காரர் உடனே இதைக் கொண்டுவந்து போட்டவருக்கு போன் பண்ணிக் கேட்டாரு. எலுமிச்சைச் சாறு குடுங்க, சரியாயிடும்னு சொன்னாராம். குடுத்தேன். இன்னும் துடிச்சான். ஆஸ்பத்திரியில டாக்டர் என்னைத் திட்டின திட்டு… வாயைக் கழுவிட்டு உடனே தூக்கிட்டு வராம, எலுமிச்சையை ஊத்தி இன்னும் புண்ணாக்கி வச்சிருக்கீங்களேன்னு.”

“எலுமிச்சையா?” டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. “எந்தப் புத்திசாலி சொன்னான் அப்படி?”

“பேரெல்லாம் தெரியாது. கடைக்காரர் சொன்னதைத்தான் செஞ்சேன். புளிப்பும் வழுக்கலும் மல்லுக்கட்டி உப்பாயிடும், ஒண்ணும் ஆகாதுன்னு அவர் சொன்னாராம்.”

டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

புளிப்பும் வழுக்கலும் மல்லுக்கட்டி உப்பாயிடும். அது அவளுடைய வாக்கியம். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. உப்புப் பாடத்துக்காக அவளே யோசித்து வைத்தது. அந்தப் பாடத்தை அவள் இன்னும் வகுப்பில் நடத்தவே இல்லை. நடத்துவதற்கு முந்தின நாள்தான் பொக்கைக்கு இப்படி ஆகிவிட்டது. அந்த வாக்கியத்தை அவள் சொன்னது ஒரே ஒரு இடத்தில், வீட்டு மேசையில், ஒத்திகையில். கேட்டவர்கள் மூன்று பேர். அண்ணி. வாயாடி. காபியோடு ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த அண்ணன்.

அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. பச்சைத் தண்ணீர் எலுமிச்சை பட்டதும் மறுபடி ஊதாவாகத் திரும்பியதைப் பார்த்து, “அடி சக்கை!” என்றார். அதற்குள் போன் வந்தது, எழுந்து போய்விட்டார். இது டம்ளரில் மட்டும்தான், வேகமான சரக்கு இரண்டும் மோதினால் கொதிக்கும், உடம்பில் பட்டதற்கு இந்த வைத்தியமே கூடாது என்று அவள் வாயாடியிடம் சொன்னது அதற்குப் பிறகு.

டீச்சர் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அண்ணன் தலை நிமிரவில்லை. பக்கத்தில் அண்ணி புருஷனைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், மறுபடி புருஷனைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த வாக்கியம் காதில் விழுந்திருந்தது.

வெள்ளைக் கேன்தானே அண்ணனுடையது? இந்த ஆரஞ்சுச் சரக்கை எப்போது ஆரம்பித்தார்? கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு ஞாபகமில்லை.

“டீச்சர், அந்த ரெண்டு வாக்கியம்…” என்று சர்க்குலர் காதருகே வந்து முனகினார்.

சொல்லிவிடலாம். வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். வேலை இருக்கும். மாடி அறை இருக்கும். அண்ணன் நாளை காலை பாட்டு முணுமுணுப்பார். ஒருவேளை இவளிடம் தனியாக அழவும் செய்வார், இவளும் மன்னித்துவிடுவாள். அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்று யாரும் விரல் நீட்ட மாட்டார்கள். அப்படி நினைக்கும்போதே அவளுக்கு அழுகையாக வந்தது. பெட்டியோடு வந்து நின்ற நாளில் அவர்தானே கதவைத் திறந்தார்!

ஆனால் அன்றைக்கே அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தங்கையை ஊரே காறித் துப்பியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு சாரி சொல்லிவிடு என்று புத்தி வேறு சொன்னார். டீச்சரின் அழுகை அப்படியே வற்றிப்போயிற்று.

“அண்ணா. எழுந்திரு.”

கூடம் முழுவதும் திரும்பியது.

“இதை நிரப்பினது என் கூடப் பிறந்த அண்ணன்,” என்றாள் டீச்சர், பொக்கையின் அம்மாவைப் பார்த்து. “எலுமிச்சைச் சாறு குடுக்கச் சொன்னதும் அவர்தான்.”

“நீதானே சொன்னே, எலுமிச்சை விட்டா சரியாயிடும்னு!” அண்ணன் எழுந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “நல்லது பண்ணலாம்னுதான்… பதறிப்போய்ச் சொன்னேன். சத்தியமா, அந்தப் பிள்ளைக்கு நல்லது பண்ணலாம்னுதான்.”

“பாதி கேட்டுட்டு எழுந்து போனே! மீதியைக் கேட்க உனக்கு நேரமில்லை. கலர் ஊத்த நேரம் இருந்துச்சு, ஜூஸ் பாட்டில் பொறுக்க நேரம் இருந்துச்சு. ஆபத்துன்னு ஒரு வார்த்தை எழுதி ஒட்ட நேரம் இல்லை, இல்லையா?”

“கலர் இல்லாட்டி யாரும் வாங்க மாட்டாங்கடி…”

பொக்கையின் அம்மா எழுந்து அவரை நோக்கி நடந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அவர் எதிரில் போய் நின்று, “என் பிள்ளை தண்ணி கேட்டுச் சைகை காட்றான்யா,” என்றாள். “குடுக்க முடியலை.”

அண்ணன் கைகூப்பினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

கூடம் கொதித்தது. போலீஸ் என்றது ஒரு குரல். கொட்டகையைப் பூட்டு என்றது இன்னொன்று. சர்க்குலர் எல்லாரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் உட்காரவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் டீச்சர் வரிசைகளைத் தள்ளிக்கொண்டு அண்ணனிடம் வந்தாள்.

“போலீஸ் வரட்டும், எல்லாம் வரட்டும். உன்கூடச் சண்டை போட எனக்கு ஆயுசு முழுக்க நேரம் இருக்கு. இப்ப ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த மாதிரி பாட்டில் இன்னும் எத்தனை வெளியில இருக்கு?”

அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வி இத்தனை நாளில் அவர் மனசில் ஒரு தடவைகூட எழவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“எத்தனை, அண்ணா?”

“தெரியலை,” என்றார். “கடைக்காரங்க கேட்டாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் போட்டேன்.”

“என்னங்க இது, யோசிச்சுச் சொல்லுங்களேன்!” என்று அண்ணி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எந்தெந்தக் கடை?”

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பெண் குட்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். முதல் வகுப்பில் படிக்கிற ஒரு சிறுமியின் அம்மா.

“டீச்சர், எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, கீழ் அலமாரியில, ஜூஸ் பக்கத்துலயே. இதே ஆரஞ்சு.” அவள் கைப்பைக்குள் போனைத் துழாவினாள். “பாப்பாவுக்குக் காய்ச்சல்னு இன்னைக்கு அனுப்பலை. அவ அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், தூங்கிட்டு இருக்காரு. ஜூஸ் கேட்டா. கீழ் அலமாரியில இருக்கு, நீயே எடுத்துக்கோன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“எந்தத் தெரு?” என்றார் அண்ணன். அவள் சொல்லி முடிப்பதற்குள் வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலிகளை இடறித் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார். டீச்சர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அந்தப் பெண்ணின் போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.